கொன்றுண்ணியும் இரையும் ஒரே பலகையில்: செல்லுலார் ஆட்டோமேட்டாவால் உயிரின எண்ணிக்கையை மாதிரியாக்குவது

கேள்வி இது: "லோட்கா–வோல்டெரா சமன்பாடுகளைப் படித்துவிட்டு அதையே செல்லுலார் ஆட்டோமேட்டாவாக எழுதிப் பார்க்கிறேன். சில ஓட்டங்களில் இரண்டு இனமும் அழிந்துவிடுகின்றன. சிலவற்றில் இரை மட்டும் பலகை முழுக்க நிரம்பிவிடுகிறது. சமன்பாட்டில் வரும் அழகான சுழற்சி வருவதே இல்லை. நிரலில் பிழையா, இந்த முறையே இப்படித்தானா?"

இரண்டுமே இருக்க வாய்ப்புண்டு. எது நிரல் பிழை, எது மாதிரி உண்மையாகவே சொல்லும் செய்தி என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதற்கு நேராக இரையாக மீனும் கொன்றுண்ணியாகச் சுறாவும் என்று இறங்காமல், விடை ஏற்கெனவே தெரிந்த ஓர் எளிய மாதிரியில் தொடங்க வேண்டும்.

முதலில் அடிப்படை வேறுபாடு. செல்லுலார் ஆட்டோமேட்டா என்பது கட்டங்களாகப் பிரித்த ஒரு பலகை. ஒவ்வொரு கட்டமும் தன்னையும் தன் அண்டைக் கட்டங்களையும் பார்த்து, ஒரு விதிப்படி படிப்படியாக மாறும். லோட்கா–வோல்டெரா சமன்பாடுகளோ இரையும் கொன்றுண்ணியும் ஒன்றையொன்று பாதித்து எண்ணிக்கையில் ஏறி இறங்குவதைப் பலகையே இல்லாமல் சொல்பவை. 1925இல் லோட்காவும் 1926இல் வோல்டெராவும் எழுதிய சமன்பாடுகளில் எல்லா உயிரும் எல்லா உயிரையும் சம வாய்ப்போடு சந்திக்கின்றன. கடல் முழுவதும் கலக்கிவிட்ட ஒரே தொட்டி என்பது அதன் எடுகோள். பலகையில் அப்படியில்லை. சுறா தன் பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் மீனை மட்டுமே பிடிக்கும். செடியின் விதை செடிக்கு அடுத்த கட்டத்தில்தான் விழும். அதனால் ஒரு செடியைச் சுற்றிப் பார்த்தால், பலகையின் சராசரியைவிட அதிகச் செடிகள் இருக்கும். புதிய விதைக்குக் காலி இடம் சராசரி சொல்வதைவிடக் குறைவாகவே கிடைக்கும். செல்லுலார் ஆட்டோமேட்டாவால் கிடைக்கும் புதிய விடைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்திலிருந்து வருகின்றன. ஆகவே நீங்கள் எழுதும் ஒவ்வொரு விதியையும், அதாவது யார் அண்டை, எந்த வரிசையில் புதுப்பிப்பது, ஓரத்தில் என்ன செய்வது என்பவற்றை, நிரல் வசதிக்கான முடிவாக நினைக்காதீர்கள். அவை உயிரைப் பற்றி நீங்கள் சொல்லும் கூற்றுகள்.

இது வெறும் கணினி விளையாட்டு அல்ல என்பதற்கு ஆய்வகச் சான்று உண்டு. 1934இல் உயிரியலாளர் காஸ், பரமீசியம் என்ற ஒருசெல் உயிரையும் அதைத் தின்னும் இன்னொரு ஒருசெல் உயிரான டிடினியத்தையும் ஒரே குழாயில் வளர்த்தார். டிடினியம் இரை முழுவதையும் தின்று தீர்த்துவிட்டுப் பட்டினியில் செத்தது. குழாய்க்கு அவ்வப்போது வெளியிலிருந்து உயிர்களைச் சேர்த்தபோதுதான் ஏற்ற இறக்கம் கிடைத்தது. 1958இல் ஹஃபேக்கர், ஆரஞ்சுப் பழங்களையும் அதே அளவு ரப்பர் பந்துகளையும் தட்டுகளில் அடுக்கி, இரைச் சிலந்திப்பேனையும் அதைக் கொல்லும் சிலந்திப்பேனையும் விட்டார். எளிய அடுக்கில் இரண்டும் சீக்கிரம் அழிந்தன. வாசலினால் தடைகள் வைத்து, இரை நூலிழையில் தொங்கிக் காற்றில் பறந்துபோகச் சிறு குச்சிகளையும் நட்டு, பரப்பைச் சிக்கலாக்கிய பிறகு மூன்று முழுச் சுழற்சிகள் கிடைத்தன. ஒரு பழத்தில் இரை அழிந்தாலும் வேறொரு பழத்தில் அது தப்பித்திருந்தது. உங்கள் நிரலில் "எல்லாம் அழிந்துவிடுகிறது" என்பது காஸின் குழாய்தான். பலகை மிகச் சிறியதாக இருந்தால் அதுவே சரியான விடையாகவும் இருக்கலாம்.

சரி, சோதனை மாதிரி. ஒரே இனம், ஒரு செடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 × 200 பலகை. ஒவ்வொரு கட்டமும் காலி அல்லது செடி. ஒரு கட்டத்தைத் தற்செயலாகத் தேர்ந்தெடுங்கள். அது காலி என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். செடி என்றால் 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு ரேண்டம் எண்ணை எடுங்கள். அது 0.10-க்குக் கீழே என்றால் செடி சாகிறது. 0.10 முதல் 0.25 வரை என்றால் நான்கு அண்டைக் கட்டங்களில் ஒன்றைத் தற்செயலாகத் தேர்ந்து, அது காலியாக இருந்தால் அங்கே புதுச் செடி. காலியில்லை என்றால் அந்த விதை வீண். மற்றபடி எதுவும் நடக்காது. இப்படி 40,000 தேர்வுகள் முடிந்தால் ஒரு படி. ஒரே படியில் சில கட்டங்கள் இரண்டு முறை வரும், சில வராமலே போகும். அது தவறில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும்.

இங்கே இறப்பு 0.10, பிறப்பு 0.15, விகிதம் 1.5. எல்லாம் நன்கு கலந்திருந்தால் செடிகளின் அடர்த்தி 1 − 0.10/0.15, அதாவது மூன்றில் ஒரு பங்கில் நிற்க வேண்டும். பலகையில் நிற்காது. முழுப் பலகையும் செடியாகத் தொடங்கினாலும் சில ஆயிரம் படிகளில் கடைசிச் செடியும் போய்விடும். இதற்குத் தொடர்புச் செயல்முறை என்று பெயர். டி. இ. ஹாரிஸ் 1974இல் இதை ஆராய்ந்தார். நான்கு அண்டை கொண்ட சதுரப் பலகையில் இனம் பிழைக்க வேண்டிய பிறப்பு–இறப்பு விகிதம் சுமார் 1.649 என்று பின்னாளைய கணினிக் கணக்குகள் துல்லியமாகச் சொல்லியிருக்கின்றன. சராசரிக் கணக்குப்படி 1-ஐத் தாண்டினாலே போதும். பக்கத்துப் பக்கத்து ஜோடிகளை மட்டும் கணக்கில் எடுக்கும் ஜோடித் தோராயம் 1.333 என்கிறது. மூன்று எண்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள்: 1, 1.333, 1.649. அண்டைத் தொடர்பை எவ்வளவு நேர்மையாகக் கணக்கில் எடுக்கிறீர்களோ, அவ்வளவுக்கு அந்த இனத்தின் பாடு கடினமாகிறது.

இந்த எண்தான் உங்கள் நிரலுக்கு அளவுகோல். பிறப்பை 0.15, 0.16, 0.17, 0.18 என்று மாற்றி ஓட்டிப் பாருங்கள். 0.16 வரை அழிய வேண்டும். 0.17இலேயே பிழைக்க வேண்டும், ஆனால் அது எல்லைக்கு மிக அருகில் இருப்பதால் எண்ணிக்கை நீண்ட நேரம் மேலும் கீழும் அலையும். 0.18இல் சந்தேகமில்லாமல் நிற்கும். 0.14இலேயே பிழைத்தால் உங்கள் நிரலில் எங்கோ விதை அதிகமாக விழுகிறது என்று பொருள்.

அடுத்து இரண்டாவது சோதனை. இதைத் தவிர்க்கவே கூடாது. அதே நிரலில் "நான்கு அண்டைகளில் ஒன்று" என்ற வரியை மட்டும் "பலகையில் எங்காவது ஒரு கட்டம்" என்று மாற்றுங்கள். இப்போது இடம் என்பதே இல்லை, எல்லாம் கலந்த தொட்டி. 0.15இல் அடர்த்தி 0.333-ஐ ஒட்டி, பெரும்பாலும் 0.01 வித்தியாசத்துக்குள் நிற்க வேண்டும். நின்றால், முதல் ஓட்டத்தில் செடி அழிந்தது இட அமைப்பினால்தான் என்று உறுதியாகச் சொல்லலாம். நிற்கவில்லை என்றால் பிழை நிரலில். எந்த விதியை எழுதினாலும் இந்தக் கலக்கிவிட்ட ஓட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் "இட அமைப்பின் விளைவு" என்று சொல்லப்படும் எதையும் நம்ப முடியாது.

புதுப்பிக்கும் வரிசை தனியாகப் பேச வேண்டிய விஷயம். மேலே சொன்னது ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கும் முறை. இன்னொன்று, பழைய பலகையைப் பார்த்துப் புதிய பலகையை முழுமையாக எழுதிவிட்டு ஒரே நேரத்தில் மாற்றுவது. கணிதவியலாளர் கான்வேயின் 1970ஆம் ஆண்டு செல்லுலார் ஆட்டோமேட்டாவான லைஃப் விளையாட்டில் நடப்பது இரண்டாவது முறை. (பெயரில் வாழ்க்கை இருந்தாலும் அது எந்த உயிரினத்தின் மாதிரியும் அல்ல. தற்செயலே இல்லாத விதி அது. எண்ணிக்கை இயக்கத்தைக் கற்க அங்கே தொடங்கினால் தவறான பழக்கங்கள்தான் வரும்.) ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கும்போது 0.10, 0.15 என்பதை 0.20, 0.30 என்று மாற்றினால் காலம் வேகமாக ஓடும், அவ்வளவுதான். இறுதி விடை மாறாது. ஒரே நேரத்தில் புதுப்பித்தால் அந்த மாற்றம் விடையையே மாற்றிவிடும். ஒரே காலிக் கட்டத்துக்கு இரண்டு விதைகள் ஒரே கணத்தில் வந்து மோதும் வாய்ப்பு கூடுகிறது. பிறப்பும் இறப்பும் ஒன்றையொன்று பார்க்காமல் நடக்கின்றன.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1992இல் நோவாக்கும் மேயும், ஒத்துழைப்பவர்களும் ஏமாற்றுபவர்களும் ஒரு பலகையில் கோலம் கோலமாகச் சேர்ந்து வாழ்வதைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு ஹியூபர்மனும் கிளான்ஸும் அதே விதியை ஒவ்வொன்றாகப் புதுப்பித்து ஓட்டினார்கள். கோலம் கலைந்து பலகை முழுவதும் ஏமாற்றுபவர்களே நிறைந்தார்கள். எது சரி என்பதை உயிரினத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆண்டுக்கு ஒரு தலைமுறை காணும் பூச்சிக்கும், எல்லாம் ஒரே பருவத்தில் முளைத்து ஒரே பருவத்தில் காயும் ஓராண்டுச் செடிக்கும் ஒரே நேரப் புதுப்பிப்பு பொருத்தம். ஆண்டு முழுக்கப் பிறந்து சாகும் உயிருக்கு ஒவ்வொன்றாகத்தான். முடிவெடுக்க முடியாத நிலையில் இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். விடை மாறினால் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

இப்போது மீனும் சுறாவும். 1984இல் ஏ. கே. டியூட்னி எழுதிய வாட்டோர் என்ற மாதிரிதான் இதில் பலரும் தொடங்கும் இடம். ஓரங்கள் இல்லாத உலகம்: வலப்பக்கம் வெளியே போனால் இடப்பக்கம் உள்ளே வரும், மேலே போனால் கீழே வரும். பலகையைச் சுருட்டி ஒட்டினால் மெதுவடை வடிவம். மீன் ஒவ்வொரு படியிலும் காலியான நான்கு அண்டைகளில் ஒன்றுக்குத் தற்செயலாக நகரும், காலி இல்லையென்றால் நிற்கும். குறிப்பிட்ட வயது வந்ததும், நகரும்போது பழைய கட்டத்தில் ஒரு குஞ்சை விட்டுப் போகும், அதன் வயதுக் கணக்கு மீண்டும் பூஜ்யம். சுறா அண்டையில் மீன் இருந்தால் அதைத் தின்று அந்தக் கட்டத்துக்குப் போகும். இல்லையென்றால் காலிக் கட்டத்துக்கு நகரும். தின்னாத ஒவ்வொரு படிக்கும் ஓர் அலகு ஆற்றல் குறையும், பூஜ்யமானால் சாவு. சுறாவும் வயது வந்ததும் மீனைப் போலவே குட்டி விடும்.

தொடங்குவதற்கான மதிப்புகள்: மீன் 3 படிக்கு ஒருமுறை பெருகட்டும், சுறா 10 படிக்கு ஒருமுறை, சுறா 3 படி தின்னாவிட்டால் சாகட்டும். 100 × 100 பலகையில் 2,000 மீன், 200 சுறா.

பெரும்பாலானவர்களின் நிரல் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். பலகையை மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்று வரிசையாக வாசித்துக்கொண்டே மீனை நகர்த்தினால் என்ன ஆகும் என்று நெருங்கிப் பார்ப்போம். 5ஆம் வரிசை 10ஆம் கட்டத்தில் ஒரு மீன். அது வலப்பக்கம் 11ஆம் கட்டத்துக்குப் போகிறது. அடுத்து வாசிக்கப்போவது அதே 11ஆம் கட்டம்தான். அந்த மீன் அதே படியில் மறுபடி நகரும். கீழே 6ஆம் வரிசைக்குப் போயிருந்தாலும் இதே கதை, அந்த வரிசை வரும்போது மறுபடி நகரும். மேலேயோ இடப்பக்கமோ போனால் மட்டும் தப்பும். சுற்றிலும் இடம் இருக்கும்போது ஒவ்வொரு நகர்வும் பாதி வாய்ப்பில் இன்னொரு நகர்வைக் கொண்டுவருகிறது. சராசரியாக ஒரு படிக்கு ஒரு நகர்வு என்பது இரண்டாகிவிடுகிறது. வயதும் ஒவ்வொரு தடவையும் ஏறுவதால் 3 படிக்கு ஒருமுறை பெருக வேண்டிய மீன் ஏறக்குறைய ஒன்றரைப் படியில் பெருகும். கூட்டம் ஒரு பக்கமாக ஒதுங்காது என்பதால் திரையில் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. பலகை மீனால் நிரம்புகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

இதற்குத் தீர்வு, பலகையை வாசிக்காமல் உயிர்களின் பட்டியலை வைத்திருப்பது. ஒவ்வொரு படியின் தொடக்கத்திலும் பட்டியலைக் குலுக்கிக் கலைத்து, அந்த வரிசையில் ஒவ்வொன்றுக்கும் ஒரே வாய்ப்பு கொடுங்கள். அந்தப் படியில் பிறந்தவை அடுத்த படியில்தான் பட்டியலில் சேர வேண்டும். அந்தப் படியிலேயே தின்னப்பட்ட மீனுக்கு "செத்தது" என்ற அடையாளம் வைத்து, அதன் முறை வரும்போது தாண்டிவிடுங்கள். இந்த அடையாளத்தை மறந்தால், சுறா தின்ற மீன் சற்று நேரத்தில் எழுந்து நீந்தி, ஒரே கட்டத்தில் இரண்டு உயிர் என்ற நிலை வரும். ஒவ்வொரு படியின் முடிவிலும் பட்டியலின் நீளமும் பலகையில் நிரம்பிய கட்டங்களின் எண்ணிக்கையும் சமமா என்று ஒரு சரிபார்ப்பு வரி போட்டால் இந்த வகைப் பிழை முதல் நிமிடத்திலேயே பிடிபடும்.

அண்டையைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று வரிசையாகப் பார்த்து முதலில் காலியாக இருப்பதை எடுத்தால் கூட்டமே வடக்கு நோக்கி நகரும். காலியான எல்லாவற்றையும் சேர்த்து அதில் ஒன்றைத் தற்செயலாக எடுக்க வேண்டும். ஓரத்தைச் சுற்றும்போது சி, ஜாவா போன்ற மொழிகளில் −1-ஐ 100ஆல் வகுத்த மீதி −1 என்றே வரும். 99 ஆகாது. முதலில் 100-ஐக் கூட்டிவிட்டு மீதி எடுங்கள். பைத்தானில் இந்தத் தொல்லை இல்லை.

தொடக்க வயதுகள் எல்லாவற்றையும் பூஜ்யமாக வைத்தால் 2,000 மீனும் ஒரே படியில் குஞ்சு விடும். வரைபடத்தில் 3 படிக்கு ஒரு சீப்புப் பல் தெரியும், அதை ஏதோ உயிரியல் சுழற்சி என்று நினைத்துவிடுவோம். மீனுக்கு 0 முதல் 2 வரை, சுறாவுக்கு 0 முதல் 9 வரை தற்செயலான வயது கொடுங்கள். சுறாவின் ஆற்றலையும் அப்படியே கலைத்துக் கொடுக்கலாம்.

சுறாவின் ஆற்றல் விதியில் இன்னும் நுட்பமான ஒரு விஷயம் இருக்கிறது. பிறக்கும் குட்டிக்கு முழு ஆற்றல் கொடுத்து, தாயிடம் எதையும் கழிக்காமல் விட்டால், சாகக் கிடக்கும் சுறா ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு கொழுத்த குட்டியைப் பெறுகிறது. அது இலவச உணவு. தாயின் ஆற்றலைப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தால் சுறாக்கள் கணிசமாகக் குறையும், அப்போது பட்டினி எல்லையைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும். அதேபோல் தின்றதும் ஆற்றல் 3-க்குத் திரும்புகிறதா, இருப்பதோடு 3 கூடுகிறதா என்பதும் வேறு வேறு விலங்குகள். கூட்டிக்கொண்டே போனால் சுறா கொழுப்பைச் சேமித்து, மீன் தீர்ந்த பிறகும் நெடுநாள் உயிரோடு தேடும். கடைசி மீனையும் தேடிப் பிடித்துவிடும். "எல்லாம் அழிகிறது" என்பதற்கு இது மிகச் சாதாரணமான காரணம்.

எல்லாம் சரியாக இருந்தால் என்ன தெரிய வேண்டும்? மீன் கூட்டங்கள் காலி இடத்துக்குள் அலையாக விரியும், பின்னாலேயே சுறாக்களின் பட்டை துரத்தி வரும், அதற்குப் பின்னால் காலி இடம். எண்ணிக்கை வரைபடத்தில் மீனின் உச்சம் முன்பும் சுறாவின் உச்சம் பின்பும் வரும். மீனைக் கிடை அச்சிலும் சுறாவைச் செங்குத்து அச்சிலும் போட்டால் கோடு கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். மாறாகச் சுற்றினால் அச்சுகளையோ நிரலையோ சரிபாருங்கள்.

பலகையின் அளவுதான் அடுத்த பெரிய குழப்பம். 20 × 20 பலகையில் ஒரே அலை முழுப் பலகையையும் துடைத்துவிடும், ஒளிந்துகொள்ள மீனுக்கு இடமே இல்லை. 1991இல் ஹாசல், காமின்ஸ், மே மூவரும் ஒட்டுண்ணிக் குளவியையும் அந்தக் குளவி தன் முட்டையை இடும் பூச்சியையும் வைத்துச் செய்த கட்ட மாதிரியிலும் இதுவே வந்தது. தனித்த ஓர் இடத்தில் நிலைக்க முடியாத ஜோடி, போதுமான பெரிய பலகையில் சுழல் அலைகளாகவும் ஒழுங்கற்ற கோலங்களாகவும் நெடுங்காலம் நிலைத்தது. பலகையைச் சுருக்கினால் அழிந்தது.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. பலகையை 500 × 500 ஆக்கினால் மொத்த எண்ணிக்கை வரைபடம் ஏறக்குறைய தட்டையாகிவிடும். சுழற்சி போய்விடவில்லை. ஒரு மூலையில் உச்சமும் இன்னொரு மூலையில் வீழ்ச்சியும் ஒரே நேரத்தில் நடந்து ஒன்றையொன்று சமன்செய்கின்றன. அதனால் மொத்தத்தோடு கூட 20 × 20 அளவுள்ள ஒரு ஜன்னலின் எண்ணிக்கையையும் எப்போதும் பதிவு செய்யுங்கள். நீங்கள் தேடும் சுழற்சி அந்த ஜன்னலில் இருக்கும். "லோட்கா–வோல்டெரா வரவில்லை" என்று சொல்பவர்களில் பாதிப்பேர் தவறான அளவில் பார்க்கிறார்கள் என்றே சொல்வேன். தவிர, அந்தச் சமன்பாட்டின் சுழற்சியே மிக மெலிதானது. தொடக்க எண்ணிக்கை எந்தச் சுற்றில் வைத்ததோ அந்தச் சுற்றிலேயே ஓடும், ஒரு தட்டு தட்டினால் வேறு சுற்றுக்குப் போய் அங்கேயே இருக்கும். சமன்பாட்டைக் காலப்படி காலப்படியாக நகர்த்திக் கணிக்கும் எளிய வழியான ஆய்லர் முறையில் பெரிய காலப்படி வைத்துக் கணித்தால் வெளிநோக்கி விரிந்துகொண்டே போகும். பலகையில் வருவது அதைவிட உறுதியான சுழற்சி, அதனால் ஒன்றை மற்றொன்றோடு புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடத் தேவையில்லை.

ஒப்பிடத் தகுந்தது வேறொன்று. வோல்டெரா இந்தக் கணக்கில் இறங்கியதற்குக் காரணம், முதல் உலகப் போரின்போது ஆட்ரியாட்டிக் கடலில் மீன்பிடி குறைந்திருந்த ஆண்டுகளில், சந்தைக்கு வந்த மீன்களில் சுறா போன்ற கொன்றுண்ணிகளின் பங்கு கூடியிருந்ததை உயிரியலாளர் உம்பெர்த்தோ தான்கோனா கவனித்ததுதான். சமன்பாடு தரும் விளக்கம்: இரண்டு இனத்தையும் சேர்த்துப் பிடித்தால் சராசரியில் இரை கூடும், கொன்றுண்ணி குறையும். உங்கள் பலகையில் ஒவ்வொரு படியிலும் மீன், சுறா இரண்டையும் 0.01 நிகழ்தகவோடு நீக்கிப் பாருங்கள், பிறகு 0.02, 0.03. நீண்ட காலச் சராசரி அந்தத் திசையில் போகிறதா, எந்த இடத்தில் போகாமல் நிற்கிறது என்பது நல்ல பயிற்சி.

ஒரே ஓட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஒவ்வொரு மதிப்புக்கும் குறைந்தது 30 ஓட்டம், ஒவ்வொன்றின் ரேண்டம் விதை எண்ணையும் (அதே ரேண்டம் எண் வரிசையை மறுபடி தரும் தொடக்க எண்) குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு விசித்திரமான ஓட்டத்தை மறுபடி பார்க்கவே முடியாது. அழிந்த ஓட்டங்களை எறிந்துவிட்டுப் பிழைத்தவற்றின் சராசரியை மட்டும் எடுப்பது பெரிய தவறு. எத்தனை அழிந்தன, எந்தப் படியில் அழிந்தன என்பதும் விடையின் பகுதி. அதே மதிப்புகளை 50, 100, 200 என்ற பலகை அகலங்களில் ஓட்டி அழியும் காலம் எப்படி நீள்கிறது என்று பாருங்கள். அகலம் கூடக்கூட அது வேகமாக நீண்டால் சேர்ந்து வாழ்தல் உண்மை. நீளாவிட்டால் நீங்கள் பார்ப்பது மெதுவான சாவு.

நிஜ உயிரினத்தோடு பொருத்த விரும்பினால் கட்டத்துக்கும் படிக்கும் அலகு கொடுக்க வேண்டும். ஒரு கட்டம் என்பது ஒரு முதிர்ந்த செடியோ ஒரு விலங்கோ பிடிக்கும் இடம். ஒரு படி, அந்த உயிரின் வாழ்க்கையில் மிக விரைவான நிகழ்வைவிட நீளமாக இருக்கக் கூடாது. ஆண்டுக்கு 0.5 இறப்பு நிகழ்தகவு என்றால் மாதத்துக்கு 0.5/12 = 0.0417 என்று வகுக்காதீர்கள். பிழைப்பதற்கான நிகழ்தகவுதான் மாதாமாதம் பெருகிப் போகிறது. 1 − 0.5^(1/12), அதாவது 0.0561 என்பதே சரி. நகர்வுக்கும் கணக்கு உண்டு. ஒவ்வொரு படியும் நான்கு அண்டையில் ஒன்றுக்குத் தடையில்லாமல் நகரும் உயிரின் பரவல் கெழு (அது எவ்வளவு வேகமாகச் சிதறுகிறது என்பதன் அளவு), கட்ட அகலத்தின் வர்க்கத்தைப் படிக் காலத்தின் நான்கு மடங்கால் வகுத்தது. 10 மீட்டர் கட்டம், ஒரு நாள் படி என்றால் நாளுக்கு 25 சதுர மீட்டர். களத்தில் அளந்தது அதைவிடப் பெரிது என்றால் ஒரு படிக்குள் பல நகர்வுகள் கொடுங்கள்.

அண்டை விதி மட்டும் இருந்தால் எதுவும் ஒரு நகர்விலோ ஒரு பிறப்பிலோ ஒரு கட்டத்துக்கு மேல் பரவாது என்பதையும் நினைவில் வையுங்கள். நான்கு அண்டையோடு வேகமாகப் பரவும் கூட்டம் சாய்சதுரமாகவும், எட்டு அண்டையோடு பரவுவது சதுரமாகவும் தெரியும். அந்த வடிவம் பலகை தந்தது, உயிர் தந்ததல்ல. நம் ஊர்ச் சீமைக் கருவேலத்தை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். ஆடு மாடுகள் அதன் நெற்றைத் தின்று, சாணத்தோடு விதையை வெகு தூரத்தில் போடுகின்றன. அண்டை விதியால் மட்டும் மாதிரியாக்கினால் ஒரு வட்டம் மெதுவாக விரிவதுதான் கிடைக்கும். பெரும்பாலான விதைகள் அண்டையில், மிகச் சில, ஆயிரத்தில் ஒன்றிரண்டு என்று வைத்தாலும் போதும், தொலைவில் ஏதோ ஒரு கட்டத்தில் என்று விதியை மாற்றினால், முதன்மைப் புதருக்கு முன்னாலேயே தனித்தனித் தோப்புகள் தோன்றி அவை ஒன்றோடொன்று சேரும். பரவும் வேகத்தை முடிவு செய்வது அந்த அரிதான விதைகள்தான். பரவலைத் தடுக்கும் திட்டம் போடுபவருக்கு, நடுப்புதரை வெட்டுவதா, தூரத்துக் கன்றுகளைப் பிடுங்குவதா என்ற கேள்வியில் இந்த ஒரு விதி முழு விடையையும் மாற்றிவிடும்.

மாதிரியும் ஆய்வகமும் நேருக்கு நேர் சந்தித்த மிகச் சிறந்த இடம் 2002இல் கெர், ரைலி, ஃபெல்ட்மன், பொஹன்னன் செய்த ஈ. கோலி ஆய்வு. மூன்று வகைப் பாக்டீரியா: நஞ்சு சுரப்பது, அந்த நஞ்சைத் தாங்குவது, தாங்காதது. நஞ்சு சுரப்பது தாங்காததைக் கொல்லும். தாங்காதது, தாங்கும் வகையைவிட வேகமாக வளரும். தாங்குவது, நஞ்சு சுரப்பதைவிட வேகமாக வளரும். வட்டமாகச் சுற்றும் போட்டி. குலுக்கிய குடுவையில் நஞ்சைத் தாங்கும் வகை மட்டுமே மிஞ்சியது. அசையாத தட்டில், பக்கத்துப் பக்கத்தில் வளரவிட்டபோது மூன்றும் சேர்ந்து வாழ்ந்தன. தட்டில் வளர்ந்தவற்றை ஒவ்வொரு முறையும் கலக்கிப் பரப்பியபோது மறுபடி ஒன்றுதான் மிஞ்சியது. மேலே சொன்ன "அண்டை" வரியையும் "எங்காவது" வரியையும் அவர்கள் உயிருள்ள பாக்டீரியாவில் மாற்றிப் பார்த்தார்கள். அவர்களுடைய பலகை மாதிரியும் இதையே காட்டியது. நீங்கள் இரண்டாவதாக எழுதிப் பார்க்க வேண்டிய மாதிரி இது என்பேன். வயது, ஆற்றல் எதுவும் இல்லை, விதிகள் மூன்றே.

எல்லாவற்றுக்கும் இந்த முறை தேவையில்லை. மிதவை நுண்ணுயிர்கள் நன்றாகக் கலக்கும் குளத்துக்குச் சமன்பாடே போதும், பலகை வீண் உழைப்பு. ஒரு விலங்கு ஒரே நாளில் பல கிலோமீட்டர் அலைந்து தன் எல்லையை நினைவில் வைத்துக்கொள்கிறது என்றால் கட்ட விதியை நீட்டி நீட்டி அதற்குப் பொருத்துவதைவிட, ஒவ்வொரு விலங்கையும் தனி முகவராக எழுதும் மாதிரி நல்லது. வேர்விட்டு நிற்பவை, ஒட்டி வாழ்பவை, மெதுவாக நகர்பவை, பக்கத்தில் தொற்றுபவை: இவைதான் பலகையின் சொந்த ஊர்.

கருவிகளைப் பொறுத்தவரை, விரைவாகப் பார்க்க, இத்தகைய மாதிரிகளை எழுதி ஓட்டுவதற்கான நெட்லோகோ மென்பொருள் போதும். அதன் மாதிரி நூலகத்தில் ஓநாய்–ஆடு மாதிரி இருக்கிறது. அதில் புல்லில்லாத வகையைப் பெரும்பாலான மதிப்புகளில் ஓட்டினால் நிலைக்காது, புல் வளர்வதைச் சேர்த்த வகை பொதுவாக நிலைக்கும். உங்கள் பலகையில் மீன் வரம்பில்லாமல் பெருகுகிறது என்றால் அந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சொந்தமாக எழுதுவதானால், 200 × 200 பலகையில் 5,000 படி என்பது 20 கோடி கட்டத் தேர்வுகள். வெறும் பைத்தான் சுழற்சியில் ஓர் ஓட்டத்துக்கே பொறுமை போய்விடும், 30 ஓட்டம் நடக்காது. அதே நிரலை, பைத்தானை வேகமான இயந்திரக் குறியீடாக மாற்றும் நம்பாவில் தொகுத்தாலோ சியில் எழுதினாலோ சில நொடிகளில் முடியும். ஒவ்வொரு படியிலும் படம் வரையாதீர்கள், நேரத்தில் பெரும்பகுதி அதிலேயே போகும். எண்ணிக்கையை ஒவ்வொரு படியும், படத்தை 50 படிக்கு ஒன்றுமாகக் கோப்பில் எழுதுங்கள்.

உங்கள் இப்போதைய நிரலை எடுத்து, முதலில் குலுக்கிய பட்டியலையும் சரிபார்ப்பு வரியையும் சேர்த்து, பலகையை 100 × 100 ஆக்கி ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் அழிந்தால் குட்டிச் சுறாவின் ஆற்றல் விதியைப் பாருங்கள்.